மைக்கை அணைத்தும் அடங்காத அவை: ஒரு மாணவர் நாடாளுமன்றத்தின் இரண்டு நாட்கள்

பின்னணி

ஒரு கல்லூரியில் இரண்டு நாள் மாணவர் நாடாளுமன்றம் நடந்தது. மக்களவையின் நடைமுறை விதிகளைச் சுருக்கி, அதன்படியே அவையை நடத்துவது என்று ஏற்பாடு. அவைத் தலைவரையும் சேர்த்து 57 பேர். ஆளும் தரப்பில் 32, எதிர்த்தரப்பில் 24. நான் அவைச் செயலரின் இடத்தில், தலைவர் இருக்கைக்குக் கீழே உள்ள மேசையில் உட்கார்ந்திருந்தேன். விதி என்ன சொல்கிறது என்று தலைவர் கேட்டால் நான் எடுத்துக் கொடுக்கலாம். முடிவு சொல்வது அவர் மட்டும்தான்.

யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. நாடாளுமன்ற நடைமுறையைப் பல வருடங்களாக வகுப்பில் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கூச்சலைத் தலைவர் எப்படி அடக்க வேண்டும் என்று நான் சொல்லி வந்ததில் பாதி, அந்த இரண்டு நாளில் ஆட்டம் கண்டுவிட்டது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அவைத் தலைவர் மூன்றாம் ஆண்டு மாணவி. விதிகளை எண்ணோடு மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். அவர் ஆளும் தரப்பின் வேட்பாளராக நின்று தேர்வானவர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் இது பெரிதாக வந்தது. பிரிட்டன் மக்கள் சபையில் தலைவர் ஆனவர் கட்சியை விட்டு விலகிவிடுவார். இந்தியாவில் அந்தக் கட்டாயம் இல்லை. 1967-ல் மக்களவைத் தலைவரான நீலம் சஞ்சீவ ரெட்டி தாமாகவே கட்சியை விட்டு விலகினார். தலைவர் பதவிக்காக அப்படி விலகினால் பதவி பறிபோகாது என்று கட்சித் தாவலைத் தடுக்கும், அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையும் பின்னர் இடம் கொடுத்தது. ஆனாலும் விலகுவது வழக்கமாகவில்லை. அதனால் எதிர்த்தரப்பு முதல் நாளிலிருந்தே தலைவரை ஒரு சந்தேகக் கண்ணோடு பார்க்கும். எங்கள் அவையிலும் அப்படித்தான் பார்த்தார்கள்.

எடுத்துக்கொண்ட மசோதா, கல்விக் கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது பற்றியது. மாணவர்களே எழுதிய 9 பிரிவுகள். 7-ஆம் பிரிவு விடைத்தாள் மறுமதிப்பீட்டுக் கட்டணம் பற்றியது. அந்த வாரம்தான் உண்மையிலேயே மறுமதிப்பீட்டுக் கட்டணம் உயர்ந்திருந்தது. எதிர்த்தரப்பு வரிசையில் இருந்த சிலர் அந்தப் பணத்தைக் கட்ட முடியாமல் அலைந்துகொண்டிருந்தார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

முதல் நாள் காலை

எதிர்த்தரப்பிலிருந்து 9 பேர் கையெழுத்திட்டு, மறுமதிப்பீட்டுக் கட்டணம் பற்றி ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு, அதாவது அன்றைய அலுவலை நிறுத்தி ஓர் அவசர விஷயத்தை விவாதிக்கக் கேட்கும் தீர்மானத்துக்கு, நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். மக்களவையில் அதைக் காலை 10 மணிக்குள் கொடுக்க வேண்டும், இவர்கள் 9.40-க்கே கொடுத்துவிட்டார்கள். தலைவர் இசைந்து, அவையில் யாராவது ஆட்சேபித்தால், ஆதரவாக 50 பேர் எழுந்து நிற்க வேண்டும் என்பது மக்களவை விதி. 543 பேரில் 50 என்பதற்கு ஈடாக நாங்கள் 6 என்று வைத்திருந்தோம். ஆக, எண்ணிக்கையில் குறை எதுவும் இல்லை.

கேள்வி நேரம் ஒழுங்காகவே போனது. முடிந்ததும் எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, "எங்கள் நோட்டீஸ் என்ன ஆனது?" என்று கேட்டார்.

"அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த அலுவல்."

"காரணம் சொல்லுங்கள், தலைவர் அவர்களே."

"தலைவரின் முடிவைக் கேள்வி கேட்க முடியாது."

விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வரியோடு 24 பேரும் எழுந்துவிட்டார்கள்.

அடுத்த 13 நிமிடங்களை என் நோட்டில் நேரம் போட்டுக் குறித்திருக்கிறேன். 11.42-க்குத் தலைவர் எழுந்து நின்றார். தலைவர் எழுந்தால் அவை மௌனமாகக் கேட்க வேண்டும், பேசிக்கொண்டிருப்பவர் உடனே உட்கார வேண்டும். மக்களவை விதி 361 இதைச் சொல்கிறது. முதல் முறை பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார், அவர்கள் மறுபடி எழுந்தார்கள். 11.55-க்குள் அவர் ஆறு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆறாவது முறை அதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

அப்புறம் சுத்தியல். ஏற்பாட்டாளர்கள் அலங்காரத்துக்கு ஒரு மரச் சுத்தியல் வைத்திருந்தார்கள். பிரிட்டன் மக்கள் சபையின் தலைவர் சுத்தியல் வைத்துக்கொள்வதில்லை. குரலும், எழுந்து நிற்பதும்தான் அவருக்கு ஆயுதம். சுத்தியல் அமெரிக்க வழக்கம். 1954-ல் அமெரிக்கச் செனட்டில் ஒரு காரசாரமான விவாதத்தில் பழைய தந்தச் சுத்தியல் உடைந்தே போனது. பதிலுக்கு இந்தியா ஒன்று செய்து கொடுத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன். எங்கள் தலைவர் சுத்தியலைத் தட்டத் தட்ட, எதிரே மேசையைத் தட்டும் சத்தமும் அதற்குச் சமமாக ஏறியது.

11.49-க்கு "மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்று ஒலிப்பெட்டி அருகே இருந்த மாணவருக்கு உத்தரவு போனது. உடனே மூன்று பேர் வரிசையை விட்டு இறங்கி அவையின் மையப் பகுதிக்கு வந்தார்கள். தலைவர் இருக்கையை நோக்கி அவர்கள் போகவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவரிடம் வந்து, "இதை எழுதிக்கோ, இதை எழுதிக்கோ" என்றார்கள். "இது எதுவும் அவைக் குறிப்பில் ஏறாது" என்று தலைவர் மேலிருந்து சொன்னார். குறிப்பெடுத்தவர் என்னைப் பார்த்தார், பிறகு பேனாவை மூடி வைத்தார். அதைப் பார்த்ததும் இன்னும் ஐந்து பேர் இறங்கி வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆளும் தரப்பின் இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர், "பொய் சொல்லியே பழகினவங்க நீங்க" என்று எதிர்வரிசையைப் பார்த்துக் கத்தினார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. சுத்தியல் சத்தத்தில் காதில் விழவில்லை என்று மாலையில் சொன்னார். நான் அதை நம்புகிறேன், ஆனால் அந்த நேரத்தில் எதிர்த்தரப்பு அதை நம்ப ஒரு காரணமும் இல்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரிசையில் இருந்த ஒரு முதலாம் ஆண்டு மாணவி எழுந்து "ஒழுங்குப் பிரச்சினை" என்றார். அவை விதி மீறப்படுகிறது, தலைவர் கவனிக்க வேண்டும் என்று பொருள். மைக் இல்லை. மூன்று முறை சொன்னார், மூன்றாவது முறை கிட்டத்தட்ட அலறினார். சொல்லிக்கொண்டே வரிசையை விட்டு வெளியே வந்தார். தலைவர் விதி 373-ஐப் பயன்படுத்தினார். ஒழுங்கீனமாக நடக்கும் உறுப்பினரை அன்று முழுவதும் அவையை விட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரம் அது. அவைக் காவலர்களாக நின்ற இருவர் அவர் பக்கத்தில் போனார்கள். அந்தப் பெண் தன் நோட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். பின்னாலேயே மீதி 23 பேரும் வெளிநடப்பு.

பிறகு மசோதா வந்தது. முதல் நான்கு பிரிவுகள் நான்கு நிமிடத்தில் நிறைவேறின. ஆளும் தரப்பு மேசையைத் தட்டி மகிழ்ந்தது. மதியம் எதிர்த்தரப்பு திரும்பி வராததால் அவை மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

கவனித்தவை

மதிய இடைவேளையில் நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். தலைவர் அதை மறுத்தது முற்றிலும் சரி. பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள ஏற்கெனவே நாள் குறித்துவிட்ட விஷயத்தை ஒத்திவைப்புத் தீர்மானத்தால் முந்திக்கொண்டு எழுப்பக்கூடாது என்று விதி 58 சொல்கிறது. மறுமதிப்பீட்டுக் கட்டணம் அன்றைய மசோதாவின் 7-ஆம் பிரிவிலேயே இருந்தது. எதிர்த்தரப்பு அந்தப் பிரிவை அவ்வளவு தூரம் படித்திருக்கவில்லை. "இன்று மதியம் 7-ஆம் பிரிவில் இதைப் பற்றி நீங்கள் பேசலாம், திருத்தமும் கொண்டுவரலாம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மறுத்த நோட்டீஸைப் படித்துக் காரணம் சொல்ல விதி 60 தலைவருக்கு இடம் கொடுக்கிறது. அது கட்டாயம் என்று விதி சொல்லவில்லை. தேவை என்று நினைத்தால் செய்யலாம், அவ்வளவுதான்.

மைக் விஷயம் எனக்குப் புதுப் பாடம். மக்களவையிலும் தலைவர் அழைத்தால்தான் உறுப்பினரின் மைக் உயிர் பெறும், அதனால் அணைப்பது சாதாரண நடைமுறை என்று நினைத்திருந்தேன். ஆனால் ஏற்கெனவே பேச்சு மறுக்கப்பட்டதாக நினைப்பவர்களுக்கு மைக் போனால், குரல் எட்டும் தூரத்துக்கு நடந்து வருவதைத் தவிர வேறு வழி தெரியாது. மையப் பகுதிக்கு முதலில் வந்த மூன்று பேரும் தங்கள் பேச்சு பதிவாக வேண்டும் என்றுதான் வந்தார்கள்.

இன்னொன்று. அவையில் பேசுபவர் எல்லாவற்றையும் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 'நீங்கள்' என்று சொன்னால் அது தலைவரைத்தான் குறிக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்போதும் 'மாண்புமிகு உறுப்பினர்'தான். இதை வெறும் மரியாதைச் சடங்கு என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். "பொய் சொல்லியே பழகினவங்க நீங்க" என்பதைத் தலைவரிடம் சொல்வது போல மாற்றிச் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் பாதியிலேயே தளர்ந்துவிடும். அந்த வழக்கம் உடைந்த நிமிடத்தில்தான் கூச்சல் சண்டையாக மாறியது.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

தலைவர், இரு தரப்புக் கொறடாக்கள், எதிர்க்கட்சித் தலைவர், நான் ஆகிய ஐந்து பேரும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தோம். தலைவர் மனம் உடைந்திருந்தார்.

"நான் எழுந்து நின்னா அவங்க உட்காரணும்னு விதி சொல்லுதே சார்."

"சொல்லுதும்மா. நீ எத்தனை தடவை எழுந்தே?"

நோட்டைக் காட்டினேன். ஆறு என்று அவருக்கே தெரியவில்லை.

ஆளும் தரப்புக் கொறடா விதி 374-ஏ வேண்டும் என்றார். 2001-ல் சேர்க்கப்பட்ட விதி அது. மையப் பகுதிக்கு வந்து கடும் ஒழுங்கீனம் செய்பவரின் பெயரைத் தலைவர் சொன்னாலே, ஐந்து அமர்வுகளுக்கோ கூட்டத்தொடரின் மீதிக் காலத்துக்கோ, எது குறைவோ அந்த அளவுக்கு, அவர் தானாகவே இடைநீக்கம் ஆவார். பழைய விதி 374-ன்படி அதற்குத் தீர்மானம் கொண்டுவந்து அவை ஏற்க வேண்டும். கொறடா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, எட்டுப் பேர் மையப் பகுதிக்கு வந்தது உண்மைதான். மொத்தமாக இடைநீக்கம் செய்ததும் உண்டு. 1989 மார்ச் 15-ல் மக்களவையில் ஒரே நாளில் 63 பேர், 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர். ஆனால் எங்களுக்கு மீதி இருந்தது ஒரே நாள். எட்டுப் பேரை வெளியே அனுப்பினால் மற்ற 16 பேரும் கூடவே போவார்கள், 7-ஆம் பிரிவைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. தலைவர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அது அவருடைய சொந்த முடிவு, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேசி முடித்தது இவ்வளவு. எந்த நோட்டீஸை மறுத்தாலும் ஒரே வரியில் காரணமும், அந்த விஷயத்தை எப்போது எழுப்பலாம் என்பதும் சொல்லப்படும். கேள்வி நேரத்துக்குப் பின் அவசர விஷயங்களை எழுப்பும் நேரமில்லா நேரத்தில் எதிர்த்தரப்புக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். எச்சரிக்கை தராமல் மைக் அணைக்கப்படாது. தண்டனையில் படிகள் வைப்பதற்கு ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபையைப் பார்த்துக்கொண்டோம். அங்கே நிலையாணை (அந்தச் சபையின் நடைமுறை விதி) 94(ஏ)-ன் கீழ், வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல், ஓர் உறுப்பினரை ஒரு மணி நேரம் வெளியே போகச் சொல்ல முடியும். எங்கள் அவைக்கு அதை 20 நிமிடமாகச் சுருக்கினோம். இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாவது முறை 20 நிமிடம். எந்தத் தரப்பாக இருந்தாலும் இதுதான்.

எழுந்து நிற்பது பற்றியும் ஒரு முடிவு. எழுந்தால், அவை முழுக்க அடங்கும்வரை உட்காரக்கூடாது, அதுவரை பேசவும் கூடாது. சுத்தியலை நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

'பொய்' என்ற வார்த்தை பற்றித்தான் நீண்ட நேரம் பேச்சு. அதை அவைக் குறிப்பிலிருந்து நீக்கினால் போதும் என்றார் ஆளும் தரப்புக் கொறடா. நீக்குவதற்கு விதி 380 இருக்கிறது. சொன்னவரே திரும்பப் பெற வேண்டும் என்றார் எதிர்க்கட்சித் தலைவர். தலைவர் இரண்டும் செய்வதாகச் சொன்னார். தன்னைத் தேர்ந்தெடுத்த தரப்பைத்தான் அவர் முதலில் தொடப்போகிறார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டாம் நாள்

அவை கூடியதும் தலைவர் ஒரு சிறு குறிப்பைப் படித்தார். நோட்டீஸ் ஏன் மறுக்கப்பட்டது, 7-ஆம் பிரிவு இன்று 11.30-க்கு வரும், திருத்தங்களை 11 மணிக்குள் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. பிறகு, நேற்றுப் பயன்படுத்தப்பட்ட ஒரு வார்த்தை அவைக்கு உகந்ததல்ல, நீக்கப்படுகிறது, உறுப்பினர் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்.

அந்த உறுப்பினர் எழுந்து, "தலைவர் அவர்களே, அவர்கள் சொன்னதும் உண்மைக்கு..." என்று ஆரம்பித்தார். தலைவர் எழுந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. உறுப்பினர் இன்னும் நாலைந்து வார்த்தை பேசினார், அப்புறம் நிறுத்தினார், ஆனால் உட்காரவில்லை. தலைவரின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. ஆளும் தரப்பு வரிசையில் யாரோ அந்த உறுப்பினரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்கார்ந்தார். என் கடிகாரப்படி 40 நொடி. தலைவர் உட்கார்ந்ததும் அவர் மறுபடி எழுந்து, "அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். உண்மைக்குப் புறம்பானது என்று மாற்றிக்கொள்ளலாம்" என்றார். எதிர்த்தரப்பிலிருந்து சத்தமே இல்லை.

அன்று தலைவர் மொத்தம் மூன்று முறைதான் எழுந்தார். மூன்று முறையும் அவை அடங்கியது.

நேரமில்லா நேரத்தில் நான்கு பேர் பேசினார்கள். ஒருவர் இரண்டு நிமிடத்தைத் தாண்டி ஓடினார், மணி அடித்ததும் நிறுத்தினார். 7-ஆம் பிரிவுக்கு எதிர்த்தரப்பு மூன்று திருத்தங்கள் கொடுத்திருந்தது. ஒன்றை அமைச்சராக இருந்த மாணவரே ஏற்றுக்கொண்டார்: மதிப்பெண் மாறினால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மற்ற இரண்டுக்கும் முதலில் குரல் வாக்கெடுப்பு. 'ஆம் என்போர்', 'இல்லை என்போர்' கேட்டுவிட்டு, 'இல்லை' என்போரே அதிகம் என்று தலைவர் சொன்னதும் எதிர்த்தரப்பு எண்ணிக் கணக்கிடக் கேட்டது. தலைவர் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். 32-க்கு 23 என்று இரண்டும் தோற்றன. தோற்ற பிறகும் வெளிநடப்பு இல்லை.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. மதியம் எதிர்த்தரப்பில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார். முதல் எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை, பிறகு 20 நிமிடம். அவர் தலைவரை வணங்கிவிட்டு வெளியே போனார், 20 நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தார். ஆனால் கடைசி அரை மணி நேரத்தில் பதாகைகள் வந்துவிட்டன. படிகள் எதுவும் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யாது. தலைவர் விதி 375-ன்படி அவையை 10 நிமிடம் ஒத்திவைத்தார். திரும்பியபோதும் பதாகைகள் இருந்தன. இன்னொரு 10 நிமிடம். இரண்டாவது இடைவேளையில் இரு தரப்புக் கொறடாக்களும் வராந்தாவில் நின்று பேசி, மசோதா மீது எதிர்க்கட்சித் தலைவருக்குக் கடைசியாக ஐந்து நிமிடம் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் பதாகைகள் மேசைக்குக் கீழே போயின.

விளைவு

மசோதா ஒரு திருத்தத்தோடு நிறைவேறியது. முதல் நாள் நான்கு நிமிடத்தில் நான்கு பிரிவுகள் போன இடத்தில், இரண்டாம் நாள் ஐந்து பிரிவுகளுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. முதல் நான்கு பிரிவுகளும் யாரும் விவாதிக்காமலே சட்டமாகிவிட்டன. முடிவெடுத்த கேள்வியை அதே தொடரில் மறுபடி எழுப்ப முடியாது என்பதால் அவற்றைத் திரும்ப எடுக்க வழி இருக்கவில்லை. அதில் 3-ஆம் பிரிவு மோசமாக எழுதப்பட்டிருந்தது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறை மாற்றுவது

காரணம் சொல்வதைத் தலைவரின் விருப்பத்துக்கு விடாமல், எங்கள் சுருக்க விதிகளில் கட்டாயம் என்றே எழுதிவிட்டோம். குறிப்பெடுப்பவருக்கு ஒரு தெளிவான வழிகாட்டல்: நீக்கம் என்று தலைவர் குறிப்பிட்டுச் சொன்ன வார்த்தையை மட்டும் விட வேண்டும், 'எதுவும் ஏறாது' என்று பொதுவாகச் சொன்னால் பேனாவை மூடக்கூடாது. மாலைக் கூட்டத்தை முதல் நாளுக்கு முந்தைய நாளே வைக்க வேண்டும். கொறடாக்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பது கூச்சலுக்கு நடுவில் இருக்கக்கூடாது.

எண்ணிக்கையைக் கவனித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டாம் நாள் வாக்கெடுப்பில் எதிர்த்தரப்பு 23 பேர். முதல் நாள் வெளியே அனுப்பப்பட்ட மாணவி வரவில்லை. அவருக்கு வர உரிமை இருந்தது, விதி 373 அன்றைய அமர்வுக்கு மட்டும்தான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட முடியாமல் இருந்தவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. அவர் எழுப்பிய ஒழுங்குப் பிரச்சினை சரியானது, மறுநாள் காலை அவை அதன்படிதான் நடந்தது, அதை அவர் பார்க்கவில்லை. முந்தின நாள் மாலை ஐந்து பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். அவருக்கு ஒரு போன் போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.